பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கும் புதிய கிராணியை நம்பலாமா?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கிராணி யார் என்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரட்டில் பெயர் பதிந்தவர், பால் நிறுத்துக் கணக்கு எழுதியவர், அலுவலகத்துக்கும் லயத்துக்கும் நடுவில் நின்றவர். எழுதப் படிக்க வாய்ப்பில்லாத நம் தாத்தா பாட்டிகளுக்குக் கடிதம் படித்துச் சொன்னவரும் பாரம் பூர்த்தி செய்து கொடுத்தவரும் பல தோட்டங்களில் அவர்தான். அவர் பொறுப்பானவராக அமைந்தால் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய துணை. அலட்சியமானவராக அமைந்தால், பெயரில் ஓர் எழுத்தும் பிறந்த தேதியில் ஓர் எண்ணும் மாறி, அதைத் திருத்தவே பிள்ளைகள் அலைய வேண்டி வரும்.

நமக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆனாலும் நமக்கும் ஒரு புதிய கிராணி வந்துவிட்டார். அவர்தான் ஏ.ஐ. உதவியாளர். 2022 நவம்பர் 30ஆம் தேதி சாட்ஜிபிடி வெளியானதிலிருந்து, பாடத்தில் சந்தேகம், விண்ணப்பத்தில் குழப்பம் என எதுவானாலும் முதலில் கைப்பேசியில் கேட்டுப் பார்ப்பது மாணவர்களின் பழக்கமாகிவிட்டது. பல்கலைக்கழகங்களும் பதிவு, கட்டணம், தங்கும் விடுதி பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சாட்பாட்களைத் தங்கள் இணையத்தளங்களில் வைக்கத் தொடங்கியுள்ளன. இந்தக் கிராணி சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்? நம்பகமானவர் என்று எதை வைத்துச் சொல்வது?

யாரிடம் கேட்பது?

நெகிரி செம்பிலானில் உயர்கல்விக் கூடங்களுக்குக் குறைவில்லை. நீலாயில் மட்டும் யுசிம் எனப்படும் மலேசிய இஸ்லாமிய அறிவியல் பல்கலைக்கழகம், இந்தி அனைத்துலகப் பல்கலைக்கழகம், நீலாய் பல்கலைக்கழகம் ஆகியவை இருக்கின்றன. சிரம்பானிலும் கோலப்பிலாவிலும் ரெம்பாவிலும் யு.ஐ.டி.எம். வளாகங்கள் உள்ளன. லாபு, ரந்தாவ், சிலியாவ், போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரத் தோட்டங்களிலிருந்து பார்த்தால் இவற்றில் சில அரை மணி நேரப் பயணத் தொலைவில்தான் இருக்கின்றன.

ஆனால் சாலைத் தூரம் வேறு, தகவல் தூரம் வேறு. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு வீட்டில் கேட்க ஆள் கிடையாது. யு.பி.யு. விண்ணப்பத்தில் எந்தத் துறையை முதலில் போடுவது? மூவெட்டில் எத்தனையாவது நிலை வேண்டும்? பி.டி.பி.டி.என். கடனுக்கு முன் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கைத் திறக்க வேண்டுமாமே, அது எதற்கு? இடம் கிடைத்த பின் எந்தத் தேதிக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும்? படித்த பெற்றோரின் பிள்ளைக்கு இவை சாப்பாட்டு மேசையில் தீர்ந்துவிடும் கேள்விகள். செம்பனைக் காட்டில் வேலை முடித்து வரும் அப்பாவுக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ வந்திருக்கும் அந்தக் கடிதமே புரியாது. ஒரு தேதி தவறினால் கிடைத்த இடம் போய்விடும்.

இரவு பன்னிரண்டு மணிக்கும் பொறுமையாகப் பதில் சொல்லும் உதவியாளர் ஒருவர் கிடைத்தால் அதிகம் பயன்பெறப் போவது இத்தகைய பிள்ளைகள்தாம். அவர் தவறாகச் சொல்லிவிட்டால் அதிகம் நஷ்டப்படப் போவதும் இவர்கள்தாம், ஏனென்றால் பதிலைச் சரிபார்த்துக்கொள்ள இவர்களுக்கு வேறு ஆள் இல்லை.

ஒரே நகரம், ஒரே ஆண்டு, இரண்டு சோதனைகள்

இது வெறும் கற்பனை அல்ல என்பதற்கு அமெரிக்காவின் அட்லாண்டா நகரம் சாட்சி. அங்குள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பழைய தலைவலி இருந்தது. இடம் கிடைத்து, வருகிறேன் என்று உறுதியும் சொன்ன மாணவர்களில் ஒரு பகுதியினர் முதல் நாள் வகுப்புக்கு வருவதே இல்லை. அவர்களில் பலர் வசதி குறைந்தவர்கள், குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வேண்டியவர்கள். நிதியுதவிப் பாரம், தடுப்பூசிச் சான்று, தேர்வுப் புள்ளிப் பட்டியல் என்று விடுமுறையில் முடிக்க வேண்டிய வேலைகளில் ஏதாவது ஒன்றில் சிக்கி நின்றுவிடுவார்கள்.

2016ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் அப்பல்கலைக்கழகம் ‘பவுன்ஸ்’ என்ற சாட்பாட்டைக் களமிறக்கியது. கைப்பேசிக் குறுஞ்செய்தி வழியாக அது மாணவர்களிடம் பேசியது. உங்கள் பாரம் இன்னும் வரவில்லை, இந்தத் தேதிக்குள் இதைச் செய்யுங்கள் என்று தானே நினைவூட்டியது. அந்த ஒரு விடுமுறையில் 2 இலட்சத்துக்கும் அதிகமான கேள்விகளுக்கு அது பதில் அளித்தது. தனக்குத் தெரியாத கேள்வியை ஊழியர்களிடம் அனுப்பியது. சாட்பாட் உதவி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ச்சியாளர்கள் முடிவை வெளியிட்டனர். வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போகும் மாணவர்களின் அளவு, உதவி பெற்றவர்களிடம் ஏறத்தாழ 21 விழுக்காடு குறைந்திருந்தது.

அதே நகரில், அதே ஆண்டில், ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் இன்னொரு சோதனை நடந்தது. இந்திய வம்சாவளிப் பேராசிரியர் அசோக் கோயல், செயற்கை நுண்ணறிவு பற்றிய பாடம் ஒன்றை இணையம் வழி நடத்தி வந்தார். ஏறத்தாழ 300 மாணவர்கள் ஒரு பருவத்தில் சுமார் 10,000 கேள்விகளும் கருத்துகளும் எழுதினார்கள். துணை ஆசிரியர்களால் சமாளிக்க முடியவில்லை. ஐ.பி.எம். நிறுவனத்தின் வாட்சன் தொழில்நுட்பத்தைக் கொண்டு ‘ஜில் வாட்சன்’ என்ற துணை ஆசிரியரை அவர் குழு உருவாக்கியது. முந்தைய பருவங்களின் கேள்வி பதில்களே அதற்குப் பாடநூல்.

தொடக்கத்தில் ஜில் தவறான பதில்களும் சொன்னது. ஆகவே அதை உடனே மாணவர்களிடம் விடவில்லை. மாணவர் கண்ணில் படாத ஒரு தனிப் பகுதியில் பதில் சொல்ல வைத்து, மனிதர்கள் திருத்தி, பிறகுதான் நேரடியாகப் பேச விட்டார்கள். அப்போதும் ஒரு நிபந்தனை இருந்தது. பதில் சரி என்று 97 விழுக்காடு உறுதி இருந்தால் மட்டுமே அது வாய் திறக்கும். பருவத்தின் முடிவில்தான் ஜில் மனிதர் அல்ல என்று மாணவர்களுக்குச் சொல்லப்பட்டது.

இந்தக் கடைசிச் செய்தி பலரை வியக்க வைத்தது. எனக்கு அது சற்று நெருடுகிறது. யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்துகொள்வது மாணவரின் உரிமை. 2024 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏ.ஐ. சட்டம், பேசுவது இயந்திரம் என்பதைப் பயனருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்கிறது. ஜில்லிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் அதன் 97 விழுக்காட்டு நிபந்தனை. தெரியாத இடத்தில் வாயை மூடிக்கொள்ளத் தெரிந்ததால்தான் அதை நம்ப முடிந்தது.

சரளம் வேறு, உண்மை வேறு

இன்று நாம் பயன்படுத்தும் சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவை ஜில்லைவிடப் பல மடங்கு திறமையாகப் பேசுகின்றன. இவற்றின் அடிப்படையில் இருப்பது பெருமொழி மாதிரி. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, இந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக் கணித்து வாக்கியம் கட்டுவதே அதன் வேலை. அதனால் சரியான பதிலையும் தவறான பதிலையும் அது ஒரே தன்னம்பிக்கையோடு சொல்லும். மனிதர் தடுமாறினால் நமக்குச் சந்தேகமாவது வரும். இதனிடம் அந்தத் தடுமாற்றமே இருக்காது.

இன்னொரு சிக்கல், அது படித்தது நேற்றைய பக்கங்கள். நம் நாட்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது, பி.டி.3 தேர்வு 2022இல் அகற்றப்பட்டது. ஆனால் அவற்றைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதப்பட்ட பக்கங்கள் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன. கல்விக் கடன் விதிகளும் அப்படித்தான். முதல் வகுப்பில் தேறியவர்களுக்கான பி.டி.பி.டி.என். கடன் விலக்கின் நிபந்தனைகள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. பழைய நிபந்தனையைப் புதியது போல ஓர் உதவியாளர் சொன்னால், கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

இதற்கு ஒரு தீர்வு உண்டு. நல்ல பல்கலைக்கழக உதவியாளர், தன் ஞாபகத்திலிருந்து பதில் சொல்லாது. கேள்வி வந்ததும் பல்கலைக்கழகத்தின் நடப்புக் கையேடு, கட்டணப் பட்டியல், கல்விசார் நாட்காட்டி ஆகியவற்றில் தேடி, அங்கே கிடைத்ததை மட்டும் வைத்துப் பதில் எழுதும். எந்த ஆவணம், எந்தப் பக்கம் என்றும் காட்டும். இப்படிச் செய்தாலும் தவறு அறவே நீங்கிவிடாது. ஆனால் நாமே திறந்து பார்த்துச் சரிபார்க்க வழி கிடைக்கிறது.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. பால் நிறுக்கும்போது தராசின் முகம் தங்கள் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தவர்கள் அவர்கள். கிராணி நல்லவரா கெட்டவரா என்ற ஆராய்ச்சியைவிட, முள் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்ப்பது மேல். ஆதாரத்தைக் காட்டும் ஏ.ஐ., முகம் நம் பக்கம் திரும்பிய தராசு.

தவறு நடந்தால் பொறுப்பு யாருடையது? கனடாவில் 2024 பிப்ரவரியில் இதற்கு ஒரு தீர்ப்பு வந்தது. பாட்டி இறந்த துக்கத்தில் பயணம் செய்த ஒருவருக்கு, துக்கச் சலுகைக் கட்டணத்தைப் பிறகு கேட்டுப் பெறலாம் என்று ஏர் கனடாவின் சாட்பாட் சொன்னது. உண்மையான விதி அதற்கு நேர்மாறு. சாட்பாட் சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்ற தொனியில் நிறுவனம் வாதாடியது. பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. தன் இணையத்தளத்தில் உள்ள ஒவ்வொரு தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று கூறி இழப்பீடு தரச் சொன்னது. பல்கலைக்கழகங்களுக்கும் இதே அளவுகோல்தான் பொருந்த வேண்டும்.

இயந்திரம் தீர்ப்புச் சொன்னால்?

பதில் சொல்வது ஒரு வேலை. மாணவரைப் பற்றி முடிவெடுப்பது வேறு வேலை. இந்த இரண்டாவது வேலையை இயந்திரத்திடம் விட்டால் என்ன ஆகும் என்பதை 2020இல் இங்கிலாந்து பார்த்தது.

கோவிட் காரணமாக அங்கே ஏ-லெவல் தேர்வு நடக்கவில்லை. ஆசிரியர்கள் மதிப்பிட்ட தரத்தை ஒரு கணிப்புமுறை திருத்தி அமைத்தது. ஒவ்வொரு பள்ளியின் முந்தைய ஆண்டுத் தேர்ச்சியையும் அது கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆகஸ்ட் 13ஆம் தேதி முடிவு வந்தபோது, கிட்டத்தட்ட 40 விழுக்காட்டுத் தரங்கள் ஆசிரியர் மதிப்பீட்டைவிடக் குறைந்திருந்தன. பழைய தேர்ச்சி குறைவாக இருந்த பள்ளியில் படித்த கெட்டிக்கார மாணவரைப் பள்ளியின் வரலாறே கீழே இழுத்தது. மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். நான்கே நாளில், ஆகஸ்ட் 17ஆம் தேதி, அந்த முறை கைவிடப்பட்டது.

இது பேசும் ஏ.ஐ. அல்ல, வெறும் புள்ளிவிவரக் கணக்கு. ஆனாலும் தோட்டப்புறப் பள்ளியிலிருந்து வருகிறவர்கள் இதை மறக்கக்கூடாது. உங்கள் பள்ளியில் இதற்கு முன் யாரும் எடுக்காத புள்ளியை நீங்கள் எடுத்திருக்கலாம். பழையதைப் பார்த்து எதிர்காலத்தைக் கணிக்கும் இயந்திரத்துக்கு நீங்கள் ஒரு பிழையாகத் தெரிவீர்கள்.

இன்னொரு ஆபத்து நமக்கு இன்னும் அருகில் இருக்கிறது. இந்தக் கட்டுரையை ஏ.ஐ. எழுதியதா, மாணவர் எழுதினாரா என்று கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2023இல் இப்படிப்பட்ட 7 மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காகத் தாங்களே எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 விழுக்காட்டுக் கட்டுரைகளை அவை இயந்திரம் எழுதியவை என்றன. எளிய சொற்களும் நேரான வாக்கியங்களும்தான் காரணம். அதே ஆண்டு ஜூலையில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டுபிடிப்புக் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று நிறுத்திவிட்டது. ஆகஸ்டில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் டர்னிட்டினின் ஏ.ஐ. கண்டுபிடிப்பு வசதியை அணைத்து வைத்தது.

வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழும் மலாயும், அதற்குப் பின் ஆங்கிலம் என்று வந்த மாணவர் எழுதும் ஆங்கிலம் எளிமையாகத்தான் இருக்கும். அதற்காக அவர் திருடன் ஆகிவிட மாட்டார். விரிவுரையாளர் அவரைக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேசினால் உண்மை தெரிந்துவிடும். ஒரு மென்பொருளின் விழுக்காட்டை மட்டும் வைத்துத் தண்டிப்பது நியாயம் ஆகாது.

தமிழில் கேட்டால்?

பெற்றோருக்காகத் தமிழில் கேட்டுப் பார்க்கும் பழக்கம் பல மாணவர்களுக்கு உண்டு. ஆங்கிலக் கடிதத்தின் சாரத்தைத் தமிழில் விளக்க ஏ.ஐ. நன்றாகவே உதவுகிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. கல்விக் கடன் பற்றி நான் தமிழில் கேட்டபோது, இந்திய வங்கிகளின் கடன் விவரம் வந்து விழுந்தது. இணையத்தில் உள்ள தமிழ்ப் பக்கங்களில் தமிழ்நாட்டுச் செய்திகளே மிகுதி என்பதால் இது வியப்பல்ல. மலேசியா என்று சேர்த்துக் கேட்ட பிறகே நம் ஊர்ப் பதில் வந்தது.

மொழிக்கான முயற்சிகளும் நடக்கின்றன. சிங்கப்பூரின் ஏ.ஐ. சிங்கப்பூர் அமைப்பு உருவாக்கிய சீ-லயன் மொழி மாதிரி, தென்கிழக்காசிய மொழிகளோடு தமிழையும் சேர்த்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழு தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்குத் தரவும் கருவிகளும் உருவாக்கித் திறந்த நிலையில் வெளியிடுகிறது. கணினியில் தமிழைக் கொண்டுவருவதில் முரசு மென்பொருள் வழியாக 1980களிலேயே முன்நின்றவர் நம் நாட்டு முத்து நெடுமாறன். கைப்பேசியில் தமிழ் எழுதத் தந்த செல்லினமும் அவருடையதே. அந்த வரிசையில் அடுத்த வேலை நம் தலைமுறைக்குக் காத்திருக்கிறது. மலேசியக் கல்வி நடைமுறைகளைச் சரியான தமிழில் எழுதி இணையத்தில் வைப்பதும் அதில் ஒன்று.

நம் நாட்டில் என்ன விதி?

அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க அமைச்சு 2024 செப்டம்பரில் செயற்கை நுண்ணறிவு ஆளுமை, நெறிமுறை வழிகாட்டியை வெளியிட்டது. நியாயம், நம்பகத்தன்மையும் பாதுகாப்பும், தனியுரிமை, அனைவரையும் உள்ளடக்குதல், வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை, மனித நலன் ஆகிய 7 கோட்பாடுகளை அது முன்வைக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் தேசிய ஏ.ஐ. அலுவலகம் தொடங்கப்பட்டது. யு.டி.எம். பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் ஏ.ஐ. புலமும் அமைந்திருக்கிறது.

வழிகாட்டி நல்லது. ஆனால் அது சட்டம் அல்ல, தானாக விரும்பிப் பின்பற்ற வேண்டிய ஒன்று. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது, கூட்டரசு, மாநில அரசாங்கங்களுக்கு அது பொருந்தாது. ஆகவே அடையாள அட்டை எண், அப்பாவின் சம்பளச் சீட்டு, மருத்துவச் சான்று ஆகியவற்றைச் சாட்பாட்டில் போடுவதற்கு முன் யோசியுங்கள். ஒருமுறை கொடுத்த தகவலைத் திரும்ப வாங்குவது கடினம்.

கேட்டுப் பெற வேண்டியவை

இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு நான்கு பழக்கங்களைச் சொல்லத் தோன்றுகிறது. கேள்வியில் மலேசியா என்றும் எந்த ஆண்டு என்றும் குறிப்பிடுங்கள். பதிலுக்கான அதிகாரப்பூர்வப் பக்கத்தைக் கேட்டு, அதைத் திறந்து நீங்களே படியுங்கள். தேதி, கட்டணம், தகுதி ஆகிய மூன்றையும் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தோ மின்னஞ்சல் அனுப்பியோ உறுதி செய்யுங்கள். கட்டுரை எழுதும்போது உங்கள் முதல் வரைவையும் குறிப்புகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். நாளை யாராவது சந்தேகப்பட்டால் அவைதாம் உங்கள் சாட்சி.

பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. உங்கள் மாணவர் பிரதிநிதித்துவ மன்றத்தின் மூலம் நிர்வாகத்திடம் இவற்றைக் கேளுங்கள். இந்தச் சாட்பாட் எந்த ஆவணத்திலிருந்து பதில் சொல்கிறது, அதை யார் புதுப்பிக்கிறார்? அதற்குத் தெரியாவிட்டால் எந்த ஊழியரிடம் அனுப்புகிறது, எத்தனை நாளில் பதில் வரும்? அது தவறாகச் சொல்லி மாணவர் நஷ்டப்பட்டால் நிர்வாகம் என்ன செய்யும்? மாணவரைப் பாதிக்கும் முடிவை மனிதர்தான் எடுக்கிறாரா, மேல்முறையீடு உண்டா? எங்கள் உரையாடல் எவ்வளவு காலம் சேமிக்கப்படுகிறது, யார் பார்க்கிறார்கள்?

இவற்றுக்கு நேரடியான பதில் தரும் பல்கலைக்கழகத்தின் ஏ.ஐ.யை நம்பிப் பயன்படுத்தலாம். பதில் தர மறுத்தால் அந்தத் தராசின் முகம் இன்னும் நம் பக்கம் திரும்பவில்லை என்று அர்த்தம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எவ்வளவு நல்ல இயந்திரம் வந்தாலும், அதே லயத்திலிருந்து போன அக்காவும் அண்ணனும் சொல்வதற்கு உள்ள மதிப்பு குறையாது. எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடிவுகள் வரும் காலத்தில், தோட்டத்துக் கோயில் மண்டபத்திலோ பாலர்பள்ளியிலோ ஒரு சனிக்கிழமை மாலை உட்காருங்கள். மடிக்கணினியைத் திறந்து வைத்து, தம்பி தங்கைகளோடு விண்ணப்பங்களை வரி வரியாகப் பாருங்கள். ஏ.ஐ.யிடம் எப்படிக் கேட்பது என்றும், அது சொன்னதை எங்கே சரிபார்ப்பது என்றும் காட்டிக் கொடுங்கள். பல்கலைக்கழகத்தில் ஓரிரு ஆண்டு கழித்த எவராலும் செய்யக்கூடிய வேலை இது. அடுத்த மாணவர் சேர்க்கைக்கு முன்பே தொடங்கிவிடலாம்.